பித்னாக்காரிக்குத் தனித்தட்டு

பள்ளிவாசல் மேடையில் மௌலவிகள் சொல்லும்போது பித்னா பெரிய சொல். அதனால் ஊர் இரண்டாகும், ஜமாஅத் உடையும், அண்ணனும் தம்பியும் கத்தி எடுப்பார்கள். அரபியிலிருந்து வந்தது என்பார்கள். சோதனை என்று ஒருவர் பொருள் சொல்வார், கலகம் என்று இன்னொருவர் சொல்வார். நான் வாழப் போன மட்டாஞ்சேரி வீட்டில் அது அடுப்படிச் சொல்லாக இருந்தது. உப்பு, புளி மாதிரி தினமும் புழங்கியது.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வேறு சொற்களும் உண்டு. சிண்டு முடிகிறவள் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேச வேண்டும். அதற்குக் கொஞ்சம் சாமர்த்தியம் தேவை. கோள் சொல்கிறவள் ஒருத்தி பேசியதை இன்னொருத்தி காதில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதற்கு நடை இருக்கிறது. எதிர்வீட்டு மலையாளத்துப் பெண்கள் குத்தித்திரிப்பு என்பார்கள், அதில் பாதி கேலி. பித்னாவுக்கு இந்த உழைப்பெல்லாம் வேண்டாம். சொன்னது பொய்யா மெய்யா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒருத்தி வாயைத் திறந்தாள், திறந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது என்றால் போதும். அவள் பித்னாக்காரி.

அவள் என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் ஆணை அந்தச் சொல்லால் யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் பஜாரில் கைகலந்துவிட்டுச் சட்டை கிழிந்து வந்தால் அதற்குப் பெயர் ரோஷம். மாமியார் இரண்டு மருமகள்களை ஒரு வாரம் பேசவிடாமல் வைத்திருந்தால் அதற்குப் பெயர் கண்டிப்பு. இந்த இலக்கணமெல்லாம் எனக்குப் பிடிபடச் சில வருடங்கள் ஆயின. அதற்கு நான் கொடுத்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கேரளம் என்று புதிதாக மாநிலம் பிறந்திருந்த சமயம். பாலக்காட்டிலிருந்து என்னை மட்டாஞ்சேரிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கொச்சங்காடியில் அவர்களுக்கு மிளகாய் வத்தல் கிடங்கு. கிடங்குக்குப் பின்னாலேயே வீடு. சாக்கு மாற்றும் நாட்களில் சுவர் தாண்டி நெடி வரும். அந்தத் தெருவில் இருமாத மனிதர் கிடையாது. சுமை தூக்குகிறவர் இருமுவார், கணக்குப் பார்க்கிறவர் இருமுவார், எதிரில் சாயாக்கடை வைத்திருந்த சேட்டன் பால் ஆற்றும்போதே இருமுவார். புதுப்பெண்ணாக வந்த நானும் ஒரு மாதம் இருமினேன். "வத்தல் நெடி, பழகிரும்" என்றார் மாமி. பழகியும் விட்டது.

மாமி என்றால் என் மாமியார். விதவை. அவருக்கு இரண்டு மகன்கள், கடைசியில் ஒரு மகள். மூத்த மகனை நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். இளையவர் என் வீட்டுக்காரர். மகள், அதாவது என் நாத்தனார், கல்யாணத்துக்கு நின்றாள்.

அந்த வீட்டில் யாருக்கும் தனித்தட்டு கிடையாது. சகன் என்று சொல்லும் பெரிய வட்டத் தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து நடுவில் கறியை ஊற்றுவார்கள். சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிட வேண்டும். ஆண்களும் குழந்தையும் முதல் சகன், பெண்கள் இரண்டாவது சகன். முதல் சகனில் மீந்ததும் பெண்கள் சகனில்தான் சேரும். எங்கள் ஜனங்களில் இது விருந்துக்கு மட்டும் வைக்கும் பழக்கம் என்று சொல்வார்கள். மாமி அதைத் தினப்படி வழக்கமாக வைத்திருந்தார். கணவர் மௌத்தான பிறகு பங்காளிகள் வந்து சொத்தைப் பிரிக்கப் பார்த்தார்களாம். அன்று பிள்ளைகள் மூவரையும் ஒரே சகனில் உட்கார வைத்துச் சோறு போட்டு, இதைப் பிரிக்கிறவன் என் மையித்தைத் தாண்டிப் போகட்டும் என்றாராம். இதை அவர் வாயால் பல தடவை கேட்டிருக்கிறேன். நல்ல கதைதான். எனக்கும் பிடித்திருந்தது.

முதல் சகனில் உட்காரும் குழந்தை என் மகள். வீட்டுக்கே அவள் ஒருத்திதான் பிள்ளை. பெரிய மச்சானுக்குப் பிள்ளை இல்லை. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த அக்காவுக்கு ஏர்வாடி வரை போய் நேர்ந்துகொண்டும் வயிறு திறக்கவில்லை. என் மகள் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து பெரிய மச்சான் மடியில்தான் வளர்ந்தாள். சோற்றைப் பிசைந்து, மீனில் முள் எடுத்து, சிறு சிறு உருண்டையாக உருட்டி அவளுக்கு ஊட்டுவார். முதல் உருண்டை அவளுக்கு, அடுத்தது அவருக்கு. அவள் பாதி கடித்து வேண்டாம் என்று தள்ளினால் மீதியை அவர் வாயில் போட்டுக்கொள்வார். அவர் கடித்த வாழைப்பழத்தை இவள் பிடுங்கித் தின்பாள். பார்க்க அழகாக இருக்கும். அத்தாவைவிடப் பெரியத்தாமேல்தான் அவளுக்கு உயிர்.

அவருக்கும் இருமல் இருந்தது. எல்லோருக்கும் இருந்ததுதானே?

எனக்குச் சந்தேகம் வந்தது துணி துவைக்கிற இடத்தில். தோர்த்து என்று அங்கே சொல்லும் அவருடைய தோள் துண்டில் ஒரு பழுப்புக் கறை. வத்தல் சாயம் என்று தேய்த்தேன். வத்தல் சாயம் தண்ணீர் பட்டால் ஆரஞ்சு நிறமாக ஓடும். இது ஓடவில்லை. என் அம்மா சயரோகத்தில் செத்தவள். அவளுடைய துணியைப் பன்னிரண்டு வயதிலிருந்து துவைத்தவள் நான். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சாயங்காலமானால் அவர் போர்த்திக்கொள்வார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்திருந்தது. கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்திருந்தது. என் அம்மாவுக்கும் அந்தக் குழி அப்படித்தான் விழுந்தது.

முதலில் அக்காவிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நானே ராத்திரியில தோர்த்த எரிச்சிட்டு வாரேன். ஒண்ணு ரெண்டு உன் கைல வந்திருக்கும். ஆர்கிட்டயும் மிண்டாத. நாத்தனா நிக்காஹ் முடியட்டும். சயம் உள்ள வீட்டுல ஆரு பொண்ணெடுப்பாங்க?"

"என் பிள்ளை அவங்க மடியில தின்னுது, அக்கா."

"அந்த ஒண்ணுதானே அவுகளுக்கு இருக்குது" என்று சொல்லி அவள் அழுதாள். எனக்கு அவள் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "மிண்டாம இரு. ஆலப்புழாக்காரங்க பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. இப்பப் போயி கொழப்பாத" என்றார். ஆலப்புழையில் கயிறு வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பம், நல்ல இடம். மாப்பிள்ளையின் தாயார் ரொம்பக் கறாரானவர், ஒரு பல் சொத்தை என்றுகூடப் பெண்ணைத் தட்டிவிட்டு வருகிறவர் என்று பேச்சு.

நான் குழந்தையை வேறு வழியில் காப்பாற்றப் பார்த்தேன். சகன் போடுவதற்கு முன்பே அடுப்படியில் அவளுக்குச் சோறு ஊட்டினேன். வயிறு நிறைந்த பிறகும் பெரியத்தா செருப்புச் சத்தம் கேட்டால் அவள் எழுந்து ஓடுவாள். பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நாத்தனார் வந்து வாங்கிக்கொண்டு போனாள். "அண்ணன் சோறு திங்காம காத்திட்டிருக்கு, மதினி." ஒரு நாள் குழந்தையைக் கிள்ளி அழ வைத்து, தூக்கம் வருகிறது என்று சொல்லித் தூக்கிக்கொண்டேன். அன்று மாமி பார்த்துவிட்டார்.

"ஏ புள்ள, தின்னுட்டிருக்கிற பிள்ளைய எங்க தூக்கிட்டுப் போற?"

எல்லோரும் இருந்தார்கள். ஆண்கள் சகனைச் சுற்றி, நாத்தனார் தண்ணீர்க் குவளையோடு, அக்கா கதவோரத்தில். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, பெரிய மச்சானுக்கு வேற தட்டு வைங்க. அவங்களுக்கு வத்தல் இருமல் இல்ல. எங்கம்மாவுக்கு வந்த அதே தீனம். எர்ணாகுளத்துல ஆஸ்பத்திரி இருக்கு, மருந்து இருக்கு. கூட்டிட்டுப் போங்க. அதுவரை என் பிள்ளைய மடியில வைக்க வேணாம்னு சொல்லுங்க."

கைகள் சோற்றில் நின்றன. பெரிய மச்சான் கையில் ஒரு உருண்டை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "என் கை அத்தன அசிங்கமாயிருச்சா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. பிறகு என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்து, "வா, கண்ணு" என்றார். என் மகள் என் தோளை உதைத்துவிட்டு அவரிடம் தாவினாள்.

மாமி அப்போதுதான் சொன்னார். கத்தவில்லை. பேர் வைப்பது போலச் சொன்னார்.

"பித்னா. நான் பெத்ததுங்க ஒரே சகன்ல தின்னு வளந்ததுங்க. பங்காளிங்க பிரிக்கப் பாத்தும் முடியல. இப்ப பாலக்காட்டுலருந்து ஒருத்தி வந்து பிரிக்கிறா. பிள்ளை இல்லாதவன் கையிலருந்து பிள்ளையப் பறிக்கிறா." என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஒன் பொண்டாட்டிக்குத் தனித்தட்டு கேக்குதாம். குடுத்துரு."

அன்று மாலையே ஒரு அலுமினியத் தட்டு வந்தது. நோயாளிக்கு வேறு தட்டு வைக்கச் சொன்னேன். நோயில்லாத எனக்கு வைத்தார்கள். நான் விலகினேன், பத்திரமாக இருந்தேன். என் மகள் அதே மடியில் இருந்தாள். இதைவிட ஒழுங்காக ஒரு காரியத்தைத் தலைகீழாகச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

யாரும் என்னை அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. அடுப்படி மூலையில் என் தட்டை வைத்து, எல்லோரும் எழுந்த பிறகு அதில் சோறு போட்டார்கள். என் தட்டை மற்ற பாத்திரங்களோடு கழுவுவதில்லை. நாத்தனாருக்கு அது ஒரு வேடிக்கை. "பித்னாவுக்குச் சோறு வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அவள் கெட்டவள் இல்லை, சின்னப் பெண், கல்யாணக் களையில் இருந்தாள். அந்தச் சொல் மெதுவாக என் பெயரானது. வளையல்காரியிடம்கூட, "பித்னாவுக்குச் சின்ன அளவு காட்டுங்க" என்று சொல்லும் அளவுக்கு. என் மகளும் கற்றுக்கொண்டாள். பெரியத்தா மடியிலிருந்து என்னைக் காட்டி, "பித்னாம்மா" என்றாள். சகனே சிரித்தது. பெரிய மச்சான் சிரித்துச் சிரித்து இருமினார். அவள் முகத்துக்கு நேராக.

அவருக்குத் தெரியும். தன் மனைவி எதை எரிக்கிறாள் என்று தெரியாத மனிதர் அல்ல அவர். தெரிந்துதான் ஊட்டினார். அவர் கொடுமைக்காரர் இல்லை. என்னை ஒரு நாளும் அந்தப் பெயரால் கூப்பிடாதவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். ஒரு குழந்தை தன் கையால் தின்பதை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். அந்த அன்பைத் தூக்கிக் கடலில் போட வேண்டும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று இப்போது சுலபமாகக் கேட்கிறார்கள். போனேன். என் அண்ணன் மறுநாளே என் வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினான். "சகன் வேண்டாம்னு சண்டை போட்டியாமே? நம்ம குடும்பத்துல பித்னா பண்ற பொம்பள கெடையாது" என்றான். எனக்கு முன்னால் அந்தச் சொல் ரயிலேறிப் பாலக்காடு போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த வருடம் நாத்தனார் கல்யாணம் பிரமாதமாக நடந்தது. பெரிய மச்சான் தொப்பியும் அத்தருமாக வாசலில் நின்று ஆலப்புழைக்காரர்களைத் தழுவி வரவேற்றார். இருமல் வரும்போதெல்லாம், "கிடங்கு நெடி, ஒண்ணும் விசாரிக்க வேணாம்" என்று சம்பந்தியிடம் சிரித்தார். கல்யாணம் முடிந்தால் ஆஸ்பத்திரி என்று அக்கா சொல்லியிருந்தாள். கல்யாணம் முடிந்ததும், பெண் அங்கே நிலைக்கட்டும் என்றார்கள். மழைக்காலம் பிடித்த பிறகு ஒரு மத்தியானம் வத்தல் சாக்குகளுக்கு நடுவில் அவர் வாய் வாயாக ரத்தம் கக்கினார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஆள் இல்லை. நெஞ்சு அடைத்து மௌத் என்று ஊருக்குச் சொன்னார்கள். நனைந்த சாக்குகளைக் கிடங்குக்குள்ளேயே கழுவினார்கள்.

என் மகளுக்கு அதற்கு முன்பே சாயங்காலக் காய்ச்சல் வரத் தொடங்கியிருந்தது. பெரியத்தாவைக் கேட்டு ஏங்குகிறாள் என்றார்கள். சாப்பாட்டை ஒதுக்கினாள், ஏக்கம் என்றார்கள். வாந்தி எடுத்தாள், தலை வலிக்கிறது என்று சுவரில் முட்டிக்கொண்டாள். ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தார்கள். கழுத்து விறைத்து, கண் ஒரு பக்கமாகப் போன பிறகுதான் என் வீட்டுக்காரர் போட்டில் ஏறினார். எர்ணாகுளத்துக்குப் போகும் வழியெல்லாம் அவள் என் மடியில் இருந்தாள். இரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு நேரம் என் மடியில் இருந்ததில்லை.

டாக்டர் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்று மலையாளத்தில் கேட்டார்.

"இல்ல டாக்டர். வத்தல் கிடங்கு. எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணனைப் புதைத்த மண் காயாத நேரம்.

"இருந்தது" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே தட்டில் சாப்பிட்டதைச் சொன்னபோது டாக்டர் தலையசைத்தார். இது சோற்றைவிட மூச்சில்தான் அதிகம் பரவுகிறது, முகத்துக்கு நேரே இருமக்கூடாது, மடியில் வைத்திருக்கக்கூடாது, முன்னாலேயே ஏன் கொண்டுவரவில்லை என்று என்னைத் திட்டினார். என் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் நின்று திட்டு வாங்கினேன். மூளைக்கு ஏறிவிட்டது என்றார். அங்கே இருந்த நாட்களில் அவள் கண் திறக்கவில்லை. என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. போய்விட்டாள்.

"பெரியத்தாவத் தேடிப் போயிட்டா எஞ்செல்லம். அவ்வளவு முஹப்பத்து ரெண்டுக்கும்" என்று மாமி அழுதார். அழ வந்தவர்கள் எல்லாம் அதைக் கேட்டு உருகினார்கள். ஆளுக்கொரு தடவை எனக்கும் வந்து சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஆலப்புழையிலிருந்து சம்பந்திகள் வந்தார்கள். நாத்தனார் முழுகாமல் இருந்தாள், முகம் நல்ல செழிப்பு. ஓதி முடித்ததும் பெண்களுக்குச் சகன் விரித்தார்கள். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி. ஒரு சகனில் மாமி, சம்பந்தியம்மா, நாத்தனார், அக்கா. நான் என் தட்டோடு அடுப்படி மூலையில் இருந்தேன். மாமி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"வா புள்ள. எல்லாரோடயும் உக்காரு." கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, சம்பந்தியம்மாவிடம் சொன்னார்: "இத்தன பெரிய சோதனையிலயும் ஒரு வார்த்தை பேசல. சபூர் உள்ள பிள்ளை. எங்க வீட்டுல என்னைக்கும் ஒரு பித்னா கெடையாது, அல்ஹம்துலில்லாஹ்."

சம்பந்தியம்மா என் பக்கம் இறைச்சித் துண்டு ஒன்றை நகர்த்தி வைத்தார். நாத்தனார் என் தோளைத் தடவினாள். இரண்டு வருடம் கழித்து நெய்ச்சோற்றின் சூடு என் முகத்தில் பட்டது. எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள்.

நான் முன்பு பேசியது என் பிள்ளையைக் காப்பாற்ற. அப்போது அது பித்னா இல்லை. அந்தச் சொல்லுக்கு உள்ள நிஜமான அர்த்தம் என்னவென்று எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. இனி காப்பாற்ற யாரும் இல்லை, உடைக்க மட்டும் இருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. யாரை உடைக்கும் என்பதும் தெரிந்தது.

"பெரிய மச்சானுக்குச் சயம்" என்றேன். "நெஞ்சடைப்பு இல்ல. ஒங்க வீட்டுக்கு இந்தப் பொண்ண அனுப்புறதுக்கு முன்னாலயே இருந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எம் பிள்ளையும் அதுலதான் போச்சு, எர்ணாகுளம் டாக்டர் சொன்னாரு. ஒங்க மருமக ஒங்க வீட்டுக்கு வந்த நாள் வரைக்கும் அவரோட சகன்ல மீந்ததத் தின்னவதான்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சோற்றை அள்ளிக்கொண்டே சொன்னேன்.

மாமியின் உதடு அசைந்தது. அந்தச் சொல்லைத் தேடினார் என்று நினைக்கிறேன். அப்போதுதான் சம்பந்தியம்மாவிடம் இந்த வீட்டில் அது கிடையாது என்று சொல்லியிருந்தார். அக்கா தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சம்பந்தியம்மா மாமியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். கையிலிருந்த சோற்றைச் சகனிலேயே உதறிவிட்டு எழுந்தார். வாசல் பக்கம் போய்த் தன் மகனைக் கூப்பிட்டார். வண்டி பிடிக்கச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. மாமி பின்னாலேயே ஓடினார். அக்காவும் எழுந்து போனாள்.

நாத்தனார் மட்டும் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. அவளை வா என்று யாரும் கூப்பிடவில்லை. வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தின்னு புள்ள" என்றேன். "சோறு ஆறுது."